ஆர்.பி.என். என்றால் யார்? கனடாவில் ஒரே பெயருக்குள் இருக்கும் இரண்டு செவிலியர்கள்

டொராண்டோ மருத்துவமனை ஒன்றில் ஒரு செவிலியரின் பெயர் அட்டையில் ‘ஆர்.பி.என்.’ என்று இருக்கும். வான்கூவரில் மனநல மையம் ஒன்றில் வேலை செய்பவரின் அட்டையிலும் அதே மூன்று எழுத்துகள்தான். ஆனால் இருவரும் படித்தது வேறு படிப்பு, எழுதியது வேறு தேர்வு. ஒருவர் மற்றவரின் இடத்துக்குப் போய் அதே அட்டையோடு வேலை பார்க்க முடியாது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அந்த எழுத்துகளுக்கு ‘ரெஜிஸ்டர்டு பிராக்டிகல் நர்ஸ்’ என்று விரிவு. வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற மேற்கு மாகாணங்களில் ‘ரெஜிஸ்டர்டு சைக்கியாட்ரிக் நர்ஸ்’, அதாவது பதிவு பெற்ற மனநலச் செவிலியர்.

இந்தக் குழப்பம் நம்மவர்களை நேராகவே பாதிக்கிறது. கனடாவின் தொழில் வகைப்பாட்டில் 31301 என்ற எண்ணுக்கு நேரே ‘பதிவு பெற்ற செவிலியர்கள் மற்றும் பதிவு பெற்ற மனநலச் செவிலியர்கள்’ என்று ஒரே தலைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. மனநலச் செவிலியம் முடித்த ஒருவர் அதைப் படித்தால், ‘இது எனக்கான பிரிவுதானே’ என்று நினைப்பதில் தவறில்லை. அவர் டொராண்டோவில் இறங்கிய பிறகுதான், மனநலச் செவிலியர் என்ற தனிப் பதிவே அந்த மாகாணத்தில் இல்லை என்பது தெரியவரும். அதற்குள் ஒன்றிரண்டு வருடமும் கணிசமான பணமும் போயிருக்கும்.

இந்தியாவில் செவிலியர், இலங்கையில் தாதி என்று எப்படி அழைத்தாலும் வேலை ஒன்றே. இந்தக் கட்டுரையில் ‘செவிலியர்’ என்ற சொல்லே வருகிறது.

‘பதிவு’ என்பது என்ன?

கனடாவில் மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்துவது மாகாண அரசின் அதிகாரம். நாடு முழுவதற்கும் ஒரே செவிலியர் உரிமம் கிடையாது. ஒவ்வொரு மாகாணத்திலும் சட்டப்படி அமைந்த ஒரு ஒழுங்குமுறை அமைப்பு இருக்கும். யாரைச் சேர்ப்பது, எந்தத் தேர்வு, யாருக்கு எந்தப் பட்டப்பெயர், தவறு செய்தால் என்ன நடவடிக்கை என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. ஒன்டாரியோவில் அந்த அமைப்பின் பெயர் காலேஜ் ஆஃப் நர்சஸ் ஆஃப் ஒன்டாரியோ. பெயரில் ‘காலேஜ்’ இருந்தாலும் அங்கே யாரும் பாடம் படிப்பதில்லை. நம் ஊர் நர்சிங் கவுன்சிலுக்கு நிகரான அமைப்பு அது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் செவிலியர்களுக்கும் மகப்பேறுச் செவிலியர்களுக்கும் சேர்த்து 2020 முதல் ஒரே அமைப்பு இயங்குகிறது.

‘ஆர்.என்.’, ‘ஆர்.பி.என்.’ போன்றவை சட்டம் காக்கும் பட்டப்பெயர்கள். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அவற்றைப் போட்டுக்கொண்டால் சட்டமீறல். எவ்வளவு படித்திருந்தாலும், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

பதிவேட்டில் இடம்பெறும் செவிலியர்கள் நான்கு வகை:

1. ஆர்.என். எனப்படும் பதிவு பெற்ற செவிலியர். கியூபெக் தவிர்த்த மாகாணங்களில் புதிதாக வருபவருக்குப் பொதுவாக நான்காண்டுப் பட்டம் வேண்டும். ஒன்டாரியோ இதை 2005-இல் கட்டாயமாக்கியது. 2015 முதல் இவர்கள் எழுதுவது, அமெரிக்காவில் எழுதும் அதே என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வு.

2. நர்ஸ் பிராக்டிஷனர். ஆர்.என். ஆன பிறகு மேற்படிப்பு முடித்தவர். நோயைக் கண்டறிந்து சொல்லலாம், பரிசோதனைக்கு எழுதலாம், மருந்துச் சீட்டு தரலாம்.

3. பிராக்டிகல் நர்ஸ். பெரும்பாலும் இரண்டாண்டு டிப்ளமோ. மற்ற மாகாணங்களில் ‘எல்.பி.என்.’ என்றும் ஒன்டாரியோவில் மட்டும் ‘ஆர்.பி.என்.’ என்றும் அழைக்கப்படுகிறார்.

4. மனநலச் செவிலியர். பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான், மனிடோபா ஆகிய நான்கு மேற்கு மாகாணங்களிலும் யூகான் பிரதேசத்திலும் இவர் ‘ஆர்.பி.என்.’. படிப்பும் தேர்வும் தனி.

எண்ணிக்கையைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கனடா முழுவதும் ஆர்.என். மூன்று லட்சத்துக்கு மேல். மனநலச் செவிலியர்கள் ஏறத்தாழ ஆறாயிரம் பேர். இவ்வளவு சிறிய கூட்டம் என்பதால்தான் கிழக்கில் பலருக்கு இப்படியொரு தொழில் இருப்பதே தெரியாது.

ஏன் மேற்கில் மட்டும்?

விடை பழைய மனநோய் மருத்துவமனைகளில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் மனநோய் விடுதிகளின் பணியாட்களுக்குத் தனிப் பயிற்சியும், 1891 முதல் தனித் தேர்வும் சான்றிதழும் வந்தன. பொது மருத்துவமனைச் செவிலியர்கள் ஒரு வழியாகவும் விடுதிப் பணியாட்கள் வேறு வழியாகவும் வளர்ந்தார்கள். இந்த இரட்டை வழி பிரிட்டனில் இன்றும் இருக்கிறது. அங்கே மனநலம் என்பது செவிலியப் பதிவின் தனிப் புலம்.

கனடாவின் சமவெளி மாகாணங்கள் இந்த வழியைப் பின்பற்ற நேர்ந்ததற்குக் காரணம் கொள்கையைவிடத் தேவைதான். மனிடோபாவில் பிராண்டன் 1891-இலும், சஸ்காட்சுவானில் நார்த் பேட்டில்ஃபோர்டு 1914-இலும், வேபர்ன் 1921-இலும் பெரிய மனநோய் மருத்துவமனைகளைத் தொடங்கின. ஊரிலிருந்து தள்ளி, ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்திருந்த கட்டிடங்கள் அவை. பொதுச் செவிலியம் படித்தவர்கள் அங்கே வர விரும்பவில்லை. ஆண்கள் வார்டுக்கு ஆண்கள் தேவைப்பட்டார்கள். அன்றைய பொதுச் செவிலியப் பள்ளிகளோ பெரும்பாலும் பெண்களுக்கே இடம் தந்தன. மருத்துவமனைகள் தங்கள் பணியாட்களைத் தாங்களே பயிற்றுவித்துக்கொண்டன. அந்தப் பணியாட்கள் காலப்போக்கில் ஒன்றுகூடி, ‘நாங்கள் காவல்காரர்கள் அல்ல, செவிலியர்கள்’ என்று அங்கீகாரம் கேட்டார்கள்.

1948-இல் சஸ்காட்சுவான் மனநலச் செவிலியர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. கனடாவில் அதுதான் முதல். அப்போது மாகாண முதல்வர் டாமி டக்ளஸ். பின்னாளில் பொது மருத்துவக் காப்பீட்டுக்காகப் பெயர் பெற்ற அவர், அரசியலுக்கு வருமுன் வேபர்ன் ஊர்த் தேவாலயத்தில் போதகராக இருந்தவர். மற்ற மேற்கு மாகாணங்களும் பின்தொடர்ந்தன.

கிழக்கில் கதை வேறு. ஒன்டாரியோவின் கிங்ஸ்டனில் ராக்வுட் விடுதி 1888-லேயே செவிலியப் பள்ளி தொடங்கியது. ஆனால் அங்கே வளர்ந்தது அமெரிக்க வழி: முதலில் எல்லோரும் பொதுச் செவிலியர், மனநலம் அதன்மேல் ஒரு சிறப்பு. ஆகவே இன்றும் டொராண்டோ மனநல மருத்துவமனையில் வேலை செய்பவர் ஆர்.என். அல்லது பிராக்டிகல் நர்ஸ். விரும்பினால் கனடியச் செவிலியர் சங்கத்தின் மனநலச் சிறப்புச் சான்றிதழ் பெறலாம். அது கூடுதல் தகுதியாகும், தனிப் பதிவாகாது.

நம் நாட்டு முறை கிழக்கு வழியைச் சேர்ந்தது. ஜி.என்.எம். என்ற செவிலிய டிப்ளமோ படித்தாலும் பி.எஸ்சி. படித்தாலும் தமிழ்நாடு கவுன்சிலில் கிடைப்பது செவிலியர், மகப்பேறுச் செவிலியர் என்ற பதிவே. மனநலச் செவிலியம் பாடத்திட்டத்தில் ஒரு தாள், சில வாரப் பயிற்சி. அதன்மேல் ஓராண்டு டிப்ளமோவோ இரண்டாண்டு எம்.எஸ்சி.யோ படிக்கலாம். ‘மனநலச் செவிலியர்’ என்ற சொல்லை நாம் சிறப்புப் படிப்பு என்ற பொருளிலும், மனிடோபாவின் வின்னிபெக்காரர் தனித் தொழில் என்ற பொருளிலும் பயன்படுத்துகிறோம். குழப்பத்தின் வேர் இதுதான்.

மனநலச் செவிலியரின் ஒரு நாள்

‘மனநல வார்டில் என்ன வேலை இருக்கப்போகிறது, மாத்திரை கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டுவதுதானே’ என்ற எண்ணம் செவிலியர்களிடையேகூட இருக்கிறது. இதை ஏற்க முடியாது. மற்ற வார்டுகளில் மானிட்டர் சொல்வதை இங்கே செவிலியரின் கண்ணும் காதும் சொல்ல வேண்டும்.

பணி தொடங்கியதும் நடப்பது மனநிலை மதிப்பீடு. நோயாளியின் உடை, பேச்சின் வேகம், முகபாவம், சிந்தனை ஓட்டம், குரல் கேட்கிறதா, இடம் காலம் தெரிகிறதா, தன் நிலை புரிகிறதா என்று ஒவ்வொன்றும் பதிவாகும். இது கேள்வித்தாள் அல்ல. பத்து நிமிடம் சேர்ந்து தேநீர் குடிக்கும்போதே இதில் பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது ஆபத்து மதிப்பீடு. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் தவறானது. எண்ணம் மட்டுமா, வழியும் யோசித்திருக்கிறாரா, அந்த வழி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று படிப்படியாகப் போக வேண்டும். விடையைப் பொறுத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பதா, கூடவே ஒருவர் இருப்பதா என்று கண்காணிப்பின் அளவு மாறும். நீண்ட நாள் வாடியிருந்தவர் திடீரென்று அமைதியாகி, தன் பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், அனுபவமுள்ள செவிலியர் அதைத் தேறியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மருந்து விஷயமும் எளிதல்ல. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் எடுப்பவருக்கு வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். கனடாவில் முதல் 26 வாரம் வாரந்தோறும், அடுத்த 26 வாரம் இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். அதே மருந்து கடுமையான மலச்சிக்கலையும் தரும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். தினமும் ‘வயிறு சரியாகப் போகிறதா’ என்று கேட்பது அற்பமான கேள்வி அல்ல. மனநிலை ஏற்ற இறக்க நோய்க்குத் தரும் லித்தியம் எடுப்பவருக்கு ரத்தத்தில் அதன் அளவு பார்க்க வேண்டும். வாந்தி, பேதி வந்தால் நச்சாகலாம். மாத்திரையை மறப்பவர்களுக்கு சில வாரங்கள் உடலில் தங்கும் ஊசி உண்டு. அதைப் போடும் நேரம்தான் பலரை மருத்துவ அமைப்போடு இணைத்திருக்கும் ஒரே கயிறு.

ஆத்திரத்தோடு நாற்காலியைத் தூக்குபவர் முன்னால் குரலைத் தாழ்த்தி, கைகளைத் தெரியும்படி வைத்து, வழியை மறிக்காமல் நின்று பேசி அமைதிப்படுத்துவதும் பயின்று பெறும் திறன். கட்டிவைப்பதும் தனியறையில் அடைப்பதும் கடைசி வழி. அப்படிச் செய்ய நேர்ந்தால், ஏன், எவ்வளவு நேரம், உடல்நிலை எப்படி என்று எல்லாம் எழுதப்பட வேண்டும்.

சட்டமும் கையோடு வரும். ஒன்டாரியோவில் ஒருவரை மனநல மதிப்பீட்டுக்காக 72 மணி நேரம் வரை வைத்திருக்க மருத்துவர் ‘ஃபார்ம் 1’ கையெழுத்திடுகிறார். செவிலியர் அதில் கையெழுத்திட முடியாது. ஆனால் அந்த மூன்று நாளில் நோயாளி எப்படி இருந்தார் என்பதற்கான சான்று பெரும்பாலும் செவிலியர் எழுதிய குறிப்புகளே. ஒருவரின் சுதந்திரம் அந்தக் குறிப்புகளைச் சார்ந்து நிற்கும்போது, ‘முரண்டு பிடித்தார்’ என்று எழுதுவதற்கும் ‘வீட்டுக்குப் போக வேண்டும் என்று நான்கு முறை கேட்டார், அழுதார்’ என்று எழுதுவதற்கும் உள்ள தூரம் பெரிது.

மருத்துவமனைக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. 1960-களிலிருந்து அந்தப் பெரிய மருத்துவமனைகள் காலியாகத் தொடங்கின. பிராண்டன் 1999-இல் மூடப்பட்டது, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரிவர்வியூ 2012-இல். நோயாளிகள் ஊருக்குள் வந்ததும் செவிலியர்களும் வந்தார்கள். சமூக மனநல மையம், போதைப்பழக்க சிகிச்சை, சிறை, முதியோர் இல்லம், பள்ளி என்று இடங்கள் விரிந்தன. வான்கூவரில் ‘கார் 87’ என்ற வண்டியில் ஒரு காவலரும் ஒரு செவிலியரும் சேர்ந்து நெருக்கடி அழைப்புகளுக்குப் போகிறார்கள். அந்தச் செவிலியர் ஆர்.என். ஆகவும் இருக்கலாம், மனநலச் செவிலியராகவும் இருக்கலாம்.

ஆர்.என். எங்கே வேறுபடுகிறார்?

ஆர்.என். பரந்த பயிற்சி பெற்றவர். அவசரப் பிரிவு, அறுவை அரங்கு, தீவிர சிகிச்சை, பிரசவம், குழந்தைகள், டயாலிசிஸ், பொது சுகாதாரம், தொழிற்சாலை சுகாதாரம் என எங்கும் போகலாம். மனநலச் செவிலியரும் உடற்கூறு, மருந்தியல், அடிப்படை மருத்துவச் செவிலியம் படித்தவரே. ஆனால் அவருடைய களப்பயிற்சியின் பெரும்பகுதி மனநலத்தில் கழிகிறது. ஆர்.என். மாணவருக்கு அது பல சுற்றுகளில் ஒன்று.

ஒன்டாரியோவின் ஆர்.பி.என்., அதாவது பிராக்டிகல் நர்ஸ், எங்கே நிற்கிறார்? நோயாளியின் நிலை எவ்வளவு சிக்கல், அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்க முடியுமா, தவறினால் ஆபத்து எவ்வளவு என்பதைப் பார்த்து வேலை பிரிக்கப்படுகிறது. நிலை திடமாக இருக்கும்வரை அவர் தனியாகவே கவனிக்கலாம். நிலை குலையக் குலைய ஆர்.என். உள்ளே வர வேண்டும். இவரை ‘உதவியாளர்’ என்று நினைப்பது தவறு. இவரும் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்கும், பதிவேட்டில் உள்ள செவிலியர்.

பணி உயர்வின் ஏணிகளும் மாறுபடும். ஆர்.என். பொறுப்புச் செவிலியர், வார்டு மேலாளர், கல்வியாளர், சிறப்புப் பிரிவு வல்லுநர், நர்ஸ் பிராக்டிஷனர் என்று ஏறலாம். மனநலச் செவிலியருக்கும் குழுத் தலைமை, மேலாண்மை, கற்பித்தல், ஆய்வு உண்டு. பிராண்டன் பல்கலைக்கழகம் மனநலச் செவிலியத்தில் முதுகலையும் நடத்துகிறது. ஆனால் நர்ஸ் பிராக்டிஷனர் பாதை வழக்கமாக ஆர்.என். வழியாகவே போகிறது. ஒன்டாரியோ பிராக்டிகல் நர்ஸ் ஆர்.என். ஆக விரும்பினால் பட்டப்படிப்பு முடித்துத் திரும்பத் தேர்வெழுத வேண்டும்.

எண்ணைப் படிக்கும் முறை

தொழில் வகைப்பாட்டு எண்ணின் முதல் இலக்கம் துறை. 3 என்றால் சுகாதாரம். இரண்டாம் இலக்கம் கல்வி, பொறுப்பு நிலை; எண் ஏற ஏறத் தேவைப்படும் கல்வி குறையும். 31301-இல் இரண்டாம் இலக்கம் 1, அதாவது பொதுவாகப் பட்டப்படிப்பு தேவைப்படும் வேலை. பிராக்டிகல் நர்ஸுக்கு 32101. இரண்டாம் இலக்கம் 2. செவிலிய உதவியாளருக்கு 33102. ஆகவே ஒன்டாரியோவில் ஆர்.பி.என். ஆக வேலை செய்தவர், எழுத்துகள் ஒன்றுபோல இருப்பதை நம்பி விண்ணப்பத்தில் 31301 என்று எழுதினால் அது தவறான எண். வேலை அனுபவமே கணக்கில் வராமல் போகலாம்.

போக நினைப்பவர் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும்?

1. முதலில் மாகாணம், பிறகு பட்டப்பெயர். டொராண்டோவில் உறவினர் இருக்கிறார்கள் என்று ஒன்டாரியோவைத் தேர்ந்தால், மனநலச் செவிலியர் பதிவு என்ற எண்ணத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். ஆர்.என். அல்லது பிராக்டிகல் நர்ஸ், இரண்டே வழி. கியூபெக் என்றால் பிரெஞ்சு மொழித் தகுதியும் வேண்டும்.

2. குடியேற்றம் வேறு, உரிமம் வேறு. நிரந்தர வசிப்புரிமை கிடைத்தால் வேலை செய்யலாம். ஆனால் உரிமம் இல்லாமல் செவிலியராக வேலை செய்ய முடியாது. குடியேற்றத்துக்குக் கேட்கும் கல்வி மதிப்பீடு ஒன்று, செவிலியப் பதிவுக்கான மதிப்பீடு மற்றொன்று. 2014-இல் தொடங்கிய தேசியச் செவிலியர் மதிப்பீட்டுச் சேவையின் அறிக்கை பதிவுக்கானது. அதைக் குடியேற்ற மதிப்பீட்டுக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது.

3. அடிப்படைப் படிப்புதான் எடை போடப்படும். எம்.எஸ்சி. பெருமைக்குரியது, ஆனால் ஒழுங்குமுறை அமைப்பு முதலில் பார்ப்பது பி.எஸ்சி.யா ஜி.என்.எம்.மா, எத்தனை மணி நேரப் பயிற்சி, எந்தெந்தப் பிரிவுகளில் என்பதை. ஜி.என்.எம். மட்டும் படித்தவருக்கு ஆர்.என். தகுதியில் இடைவெளி சொல்லப்படுவது வழக்கம். அவர்களில் பலர் பிராக்டிகல் நர்ஸ் வழியில் நுழைகிறார்கள்.

4. நம் பதிவு பொதுச் செவிலியம் என்பதால் இயல்பான கதவு ஆர்.என். தேர்வே. மனநல எம்.எஸ்சி. வீணாகாது. ஆர்.என். ஆன பிறகு மனநலப் பிரிவில் வேலை கேட்கும்போது அது கைகொடுக்கும்.

5. பிரிட்டனில் மனநலப் புலத்தில் மட்டும் பதிவு பெற்ற தமிழர்களுக்கு நிலைமை தலைகீழ். அவர்களுக்கு மேற்கு மாகாணங்களின் கதவே பொருத்தமானது. ஒன்டாரியோவில் பொதுச் செவிலியப் பயிற்சி குறைவு என்று நிறுத்தப்படலாம்.

மொழித் திறனை எல்லோரும் காட்ட வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு தவிர, செவிலியர்களுக்கென்றே வடிவமைத்த செல்பான் தேர்வும் இருக்கிறது. பணி மாறும்போது எழுதும் குறிப்பு, நோயாளியோடு உரையாடல் போன்ற பழகிய சூழல்களில் கேள்விகள் வருவதால் அதையும் பரிசீலிக்கலாம்.

நோயாளியின் பக்கம்

மாகாணங்களுக்கிடையே தொழிலாளர் இடம்பெயர்வுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. ஆல்பர்ட்டாவின் கால்கரியிலிருந்து ஓர் ஆர்.என். ஒன்டாரியோவுக்கு வந்தால் மறுபடி படிக்காமல் பதிவு பெறலாம். ஆனால் அந்த ஒப்பந்தம் இரு பக்கமும் பதிவேடு இருக்கும் தொழிலுக்கே பயன்படும். 20 ஆண்டு அனுபவமுள்ள மேற்கத்திய மனநலச் செவிலியர் டொராண்டோவுக்கு வந்தால் அவரைச் சேர்க்கப் பதிவேடே இல்லை. மனநலப் படுக்கைக்கும் ஆலோசகருக்கும் மக்கள் மாதக்கணக்கில் காத்திருக்கும் ஊரில் இது பெரிய இழப்பு.

ஒன்டாரியோ வேறொரு திசையில் ஓர் அடி வைத்திருக்கிறது. 2017 டிசம்பர் இறுதியில் அங்கே உளச்சிகிச்சை, சட்டம் கட்டுப்படுத்தும் செயல்களில் ஒன்றானது. அதைச் செய்ய அனுமதிக்கப்பட்ட ஆறு தொழில்களில் செவிலியமும் ஒன்று. தனிப் பதிவு இல்லாவிட்டாலும், தகுந்த பயிற்சி பெற்ற செவிலியர் அங்கே உளச்சிகிச்சை தரலாம்.

டொராண்டோவில் தமிழர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோ போன்ற பகுதிகளில் இத்தகைய செவிலியரின் அருமை அதிகம். போரைக் கடந்து வந்த ஈழத்து அம்மா ஒருவர் மருத்துவரிடம் ‘மனச்சோர்வு’ என்று சொல்லமாட்டார். ‘ஒரே யோசனையாக் கிடக்கு’ என்பார், ‘நெஞ்சு படபடக்குது’ என்பார், தலையிடி, நித்திரை வரவில்லை என்பார். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போகும்போது அது தலைவலி, படபடப்பு, தூக்கமின்மை என்று உடல் அறிகுறிகளாக மட்டுமே மறுபக்கம் சேரக்கூடும். தமிழ் தெரிந்த செவிலியர் ‘என்ன யோசனை அம்மா?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்பார். அவர் அட்டையில் இருப்பது ஆர்.என். ஆக இருந்தாலும் ஆர்.பி.என். ஆக இருந்தாலும், அந்த அம்மா பேசத் தொடங்குவது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.